இறுக்குவதற்கு முன்னால் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒன்பது வயது தரோபிரெட் இனப் பெண்குதிரை. பெங்களூரில் எலஹங்கா தாண்டி ஒரு லாயத்தில் விட்டிருக்கிறீர்கள். கடிவாளத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொள்கிறாள், ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் தலையை உதற ஆரம்பிக்கிறாள், வாயைப் பிளக்கிறாள். குதிரை பார்த்துக்கொள்கிற அண்ணன் மூக்குப்பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினால் போதும் என்கிறார். கடைக்காரர் மெத்தை வைத்துத் தைத்த வெளிநாட்டுக் கடிவாளம் ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார், விலை உங்கள் ஒரு மாத வீட்டு வாடகை. எதைச் செய்வது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நாளைக்குக் காலையில் போய், இருக்கிற கடிவாளத்தையே மாட்டி, சேணம் வைக்காமல், அவள் சும்மா நிற்கும்போது காதுக்குப் பின்னால் தோல் பட்டைக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போகிறதா, இல்லை காதின் அடியோடு பட்டை ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா? நீங்கள் அனுப்பிய படத்தில் நெற்றிப்பட்டை, அதாவது லாயத்தில் பிரௌபேண்ட் என்று சொல்வது, வில்லில் நாண் ஏற்றின மாதிரி விறைப்பாக இருக்கிறது. என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானும் இதே தப்பைப் பண்ணியவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ரேஸ் முடித்த ஒரு செம்பழுப்புக் குதிரை வந்தது. இதே உதறல், இதே பிளந்த வாய். முதலில் மூக்குப்பட்டையை இறுக்கினேன். அப்புறம் வாயைச் சேர்த்துக் கட்டுகிற இன்னொரு வார் போட்டேன். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று பிட்டை, அதாவது வாய்க்குள் போகிற இரும்பை, மாற்றினேன். எட்டு மாதம் போனது, குதிரைக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம். ஒருநாள் ஓசூர் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், வாழ்நாள் முழுக்க லாயத்திலேயே இருந்தவர், பேசாமல் வந்து காதுக்குப் பின்னால் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, ரெண்டு சைஸ் சின்ன ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு சில்க் போர்டு சிக்னல்ல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வா, அப்புறம் இவனைப் பத்திப் பேசலாம்" என்றார். அவ்வளவுதான். நெற்றிப்பட்டையை மாற்றினோம், மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தலைப்பட்டை, காதுக்குப் பின்னால் உச்சியில் உட்கார்ந்திருப்பது, பள்ளத்தில் தானாகப் போய் அமர வேண்டும். நெற்றிப்பட்டை குட்டையாக இருந்தால் அதை இரண்டு பக்கமும் முன்னால் இழுக்கிறது. இழுத்த இடத்தில் என்ன இருக்கிறது? காதின் அடிக்குருத்தெலும்பும், காதைத் திருப்புகிற தசைகளும். குதிரை நாள் முழுக்கக் காதை ரேடார் மாதிரி திருப்பிக்கொண்டே இருக்கிற பிராணி, ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் தோல் விளிம்பு உரசுகிறது. காதுக்குக் கீழேயே தாடை மூட்டும் இருக்கிறது. நெற்றிப்பட்டையும், பிட்டைத் தாங்கிக் கன்னத்தில் இறங்குகிற கன்னவாரும் சேருகிற இடம் ஏறக்குறைய அதற்கு மேலேயே வருவதால், அங்கே இறுக்கம் இருந்தால் பிட்டை மெல்லக்கூட வாயைச் சரியாக அசைக்க முடியாது. நாம் வாயைப் பார்த்துக்கொண்டு பிட்டைத் திட்டுகிறோம், வலி காதடியில் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, காசில்லாதது. குதிரையை லாயத்துக்குள் நிறுத்தி, கன்னவார்களை அவிழ்த்து, நெற்றிப்பட்டையை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அது இல்லாமல் கடிவாளத்தை மறுபடி மாட்டுங்கள். தலைப்பட்டை தானாக ஒரு விரற்கடை பின்னால் போய் உட்கார்ந்தால், பட்டை குட்டை என்று முடிவு செய்துகொள்ளலாம். சிலது அந்த நிமிஷமே தலையைத் தாழ்த்தி, வாயை அசைத்து, ஒரு பெருமூச்சு விடும். அப்படியே ஏறி ஓட்டப் போய்விடாதீர்கள், பார்ப்பதற்கு மட்டும்தான். பழைய பாணிக் கடிவாளத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: மூக்குப்பட்டையைத் தாங்குகிற மெல்லிய வார் தலைப்பட்டைக்கு அடியில் தனியாக ஓடும். அது மடிந்தோ நடுவில் திரண்டோ இருந்தால், மேல்பட்டை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாரம் முழுக்க அந்த மெல்லிய வரியில்தான் இறங்கும். உச்சியில் முடியைப் பிரித்துப் பாருங்கள். திட்டாக வெள்ளை முடி இருந்தால், முன்பு அந்த இடம் நீண்ட நாள் அழுத்தமோ புண்ணோ பட்டிருக்கிறது, முடி வேர் கெட்டுப்போய் வெள்ளையாக முளைத்திருக்கிறது. அது ரேஸ் காலத்துப் பழைய கணக்காகவும் இருக்கலாம், உங்கள் தப்பு என்று நினைக்க வேண்டாம்.

இப்போது அளவு. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். கடையில் போனி, காப், ஃபுல், எக்ஸ்ட்ரா ஃபுல் என்று சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் நான்கு அளவு சொல்வார்கள். உங்களுடையது பெரிய குதிரை, அதனால் ஃபுல் என்று கொடுத்துவிடுவார்கள். குதிரையின் உயரத்துக்கும் தலைக்கும் அப்படி ஒரு ஒப்பந்தமும் கிடையாது. தரோபிரெட்டுகளுக்கு முகம் மெலிந்து இருக்கும், மூக்கும் கன்னமும் காப் அளவில் அடங்கிவிடும், ஆனால் நெற்றி அகலமாக இருந்து ஃபுல் பட்டை கேட்கும். ஒரே பெட்டியில் வருகிற முழுச் செட் அப்படியே பொருந்துவது அதிர்ஷ்டம். ரெடிமேட் சட்டை எடுக்கும்போது தோளுக்குச் சரியாக இருந்தால் கை நீளமாகிவிடுகிறதே, அதே கதை.

தையல்கார டேப் ஒன்று, இல்லாவிட்டால் சணல் கயிறு, எடுத்துக்கொண்டு நான்கு அளவு எடுங்கள். கடைவாயில் தொடங்கி, கன்னத்தின் மேல் ஏறி, காதுக்குப் பின்னால் உச்சியைத் தாண்டி மறுபக்கக் கடைவாய் வரைக்கும் ஒன்று. ஒரு காதின் பின்னடியிலிருந்து நெற்றி வழியாக மறு காதின் பின்னடி வரைக்கும் ஒன்று. இதை எடுக்கும்போது டேப்பை இழுத்துப் பிடிக்காமல் நெற்றியின் மேல் சும்மா கிடக்கவிடுங்கள், விறைப்பாக எடுத்தால் பழைய வினைதான் திரும்ப வரும். மூக்கைச் சுற்றி ஒன்று. காதுக்குப் பின்னாலிருந்து தொண்டையைச் சுற்றி மறுபக்கம் வரைக்கும் ஒன்று. இதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஃபுல் நெற்றிப்பட்டை என்றால் சுமார் 16 அங்குலம், காப் 15 என்று வரும், ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் இது மாறும், ஆகவே சீட்டில் உள்ள எழுத்தை நம்பாமல் அங்கேயே டேப்பை வைத்து அளந்து வாங்குங்கள்.

மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரை வைத்திருப்பவர்கள் காது விஷயத்தை என்னிடம் நிறையக் கேட்பார்கள், அதனால் நடுவில் ஒரு வார்த்தை. அவற்றின் காது உள்பக்கமாக வளைந்து நுனி தொட்டுக்கொள்கிறதே, அந்த அழகுக்காகவே வாங்குகிறோம். ஆனால் மாட்டும்போது காதைக் கசக்கி, மடக்கி, பட்டைக்குள் திணிக்கிற பழக்கம் இருந்தால் அந்தக் குதிரை ஆயுளுக்கும் மறக்காது. தலைப்பட்டையை ஒரு பக்கம் கழற்றி வைத்து, காதுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து பக்கிளை மாட்டிவிடுங்கள். உங்கள் பெண்குதிரைக்கும் முதல் சில வாரம் இதே மாதிரி மாட்டலாம்.

மூக்குப்பட்டைக்கு வருகிறேன், லாயத்து அண்ணனிடம் நீங்கள் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் விரலை வைத்து முன்னால் ஓட்டினால் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும், அது திடீரென்று ஓரிடத்தில் முடியும். அந்த முனைக்கு இரண்டு விரல் கீழேதான் சாதாரண மூக்குப்பட்டை இருக்க வேண்டும். மேலே ஏறினால் மேட்டில் உரசும், அதோடு அந்த முனைக்குப் பக்கத்திலேயே எலும்பில் ஒரு துவாரம் இருக்கிறது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. ரொம்பக் கீழே இறங்கினால் மூக்கெலும்பு மெலிந்து முடிகிற இடம், அதற்கும் கீழே வெறும் சதை. குதிரைக்கு வாய்வழி மூச்சே கிடையாது, மூக்கு ஒன்றுதான் வழி, அதையும் அமுக்கினால் என்ன செய்யும்?

இறுக்கம் எவ்வளவு என்பதற்கு இரண்டு விரல் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில்தான் ஏமாற்று வேலை. பக்கவாட்டில், கன்னத்தில், எவ்வளவு இறுக்கினாலும் விரல் போகும், அங்கே எலும்பும் எலும்பும் சேராத பள்ளம் இருக்கிறது. மூக்கின் மேல், நடு எலும்பின் மீது, இரண்டு விரலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நுழைக்க வேண்டும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் போட்டிக் குதிரைகள் 750ஐ அளந்து பார்த்தார்கள், 44 சதவீதத்துக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை, இரண்டு விரல் நுழைந்தது வெறும் 7 சதவீதம். இது நம் ஊர் லாயத்துக் கணக்கு இல்லை, அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியத்தில் பெரிய போட்டிக்கு வருகிற குதிரைகள். 2025இலிருந்து சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இதற்கென்றே அளவுகோல் வைத்து, மூக்கெலும்பின் மேல் 1.5 சென்டிமீட்டர் இடைவெளி கேட்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னால் போட்டிக்காரர்களுக்கே இந்தக் கண்டிப்பு என்பது எடுபடும்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். நீங்கள் வாரத்தில் நாலு நாள் போகிறீர்கள், அவர் தினமும் அவளைத் தொடுகிறார். "அண்ணா, எந்தக் காதைத் தொட்டா அவளுக்குக் கோபம் வருது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாத நாலு விஷயம் வரும். வாயைக் கட்டினால் பிளக்காது என்று அவர் சொல்வது பொய்யும் இல்லை, பிளக்க முடியாதுதான். நம் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரை வாயைப் பிளந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, வேளார் கை அதைக் கம்பீரமாகச் செய்துவைத்திருக்கிறது. உயிருள்ளது அப்படி நின்றால் ஏதோ வலிக்கிறது, எங்கே என்று தேட வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் பெங்களூர் ஃபவாத் மிர்சா இரண்டு வெள்ளி வாங்கினார் இல்லையா, அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் ஆர்வமாக வருகிற பிள்ளைகள் பலர் டிவியில் பார்த்த, 8 போலக் குறுக்காகப் போகிற மூக்குப்பட்டைதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். அதெல்லாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர்கள் கையில் இருக்க வேண்டிய சாமான். உங்களுக்குச் சாதாரணப் பட்டையே போதும், இந்த மாதம் அதையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் தப்பில்லை.

பிட். கடைசியாகத்தான் இதற்கு வர வேண்டும், எல்லோரும் முதலில் இதற்குத்தான் போகிறார்கள். தொடுவதற்கு முன்னால் பல்லை டாக்டரிடம் காட்டுங்கள். கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூராக வளர்ந்து கன்னத்தைக் கீறும், முன்னால் ஓநாய்ப் பல் என்று ஒரு குட்டிப் பல் இருந்தால் பிட் அதில் போய் இடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ராவ வேண்டும். ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குதிரைப் பல் பார்க்கிற டாக்டர் யார் என்று அங்கே விசாரிக்கலாம். பல் சரி என்றால் அகலத்தைப் பாருங்கள்: வாய்க்குள் பிட்டை நேராக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் உதட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் போல இடம் இருக்க வேண்டும். குட்டையானால் உதட்டைக் கிள்ளும், நீளமானால் இப்படியும் அப்படியும் வழுக்கி, நடு மூட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். உயரத்துக்கு, கடைவாயில் ஒரு சுருக்கம், இரண்டு சுருக்கம் என்று எண்ணச் சொல்வார்கள். உதடு தடித்த குதிரைக்கும் மெலிந்த குதிரைக்கும் அந்த எண்ணிக்கை ஒன்றாக வராது. கடைவாயைத் தொட்டுக்கொண்டு, இழுக்காமல் இருந்தால் போதும். கன்னவாரைக் கையால் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள், கொஞ்சம்கூடக் கொடுக்காவிட்டால் உயரம் அதிகம்.

தடித்த பிட் மென்மையானது என்று ஒரு நம்பிக்கை உண்டு, நானும் நம்பினேன். வாயை மூடியிருக்கும்போது நாக்கே அந்த இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு தடித்த கம்பியையும் வைத்தால் நாக்கு எங்கே போகும்? சின்ன வாய்க்கு மிதமான தடிமன்தான் சுகம். பிட்டே வேண்டாம், மூக்கில் மட்டும் போடுகிற கடிவாளம் வாங்குங்கள் என்று சொல்ல ஒருவர் வருவார், வரட்டும். சில குதிரைக்கு அது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் அதுவும் மூக்கெலும்பிலும் உச்சியிலும்தான் அழுத்துகிறது, மேலே சொன்ன அளவெல்லாம் அதற்கும் உண்டு.

தொண்டைவார் பெரிய விஷயமில்லை, தாடைக்கும் அதற்கும் நடுவில் நான்கு விரலை நிமிர்த்தி வைக்க இடம் இருந்தால் சரி.

இப்போது செலவு. உங்கள் விஷயத்தில் புது நெற்றிப்பட்டை ஒன்றுதான் தேவைப்படும் என்று நினைக்கிறேன். தனியாகவே கிடைக்கும். கிடைக்காவிட்டால் சிவாஜிநகரில் தோல் வேலை செய்கிறவர்களைத் தேடுங்கள், என்னுடையதை அங்கே ஓர் ஆம்பூர்க்காரர்தான் தைத்துக் கொடுத்தார். பையா, பெல்ட்டா என்று கேட்டார், குதிரைக்கு நெற்றிப்பட்டை என்றதும் சிரித்துவிட்டு, பழையதைக் கையில் வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இந்த ஓரம் அறுக்குமே சார், இதையா போட்டீங்க" என்றார். ஒரு நிமிஷத்தில் அவர் கண்டுபிடித்ததை நான் எட்டு மாதம் பார்க்கவில்லை. விளிம்பைச் சீவி, மடித்து, உருட்டித் தைத்தார். நடுவில் கொஞ்சம் வளைத்துத் தைக்கச் சொன்னால் காதடிக்கு இன்னும் இடம் கிடைக்கும். கடிவாளத்தில் புதுத் துளை தேவையென்றாலும் அவரிடமே போங்கள், கத்தி முனையால் குத்திய துளை கிழிந்துகொண்டே போய் ஒருநாள் ஓட்டத்தில் அறுந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் துளை இருக்கட்டும், பக்கிள்கள் ஒரே உயரத்தில் நிற்கட்டும்.

அப்படியும் முழுச் செட் வாங்குவது என்றால், கான்பூர் சரக்கைத் தரம் பார்த்து வாங்குங்கள். சேணமும் கடிவாளமும் தைப்பதற்கு அது பேர்போன ஊர், வெளிநாட்டுக்கெல்லாம் அங்கிருந்து போகிறது. தோலை மடக்கிப் பாருங்கள், மேல்தோல் வெடித்துப் பொருக்குப் போல எழுந்தால் வைத்துவிடுங்கள். மெத்தை இருப்பதால் அளவு சரியாகிவிடாது. இறுக்கமான செருப்புக்குள் இன்னொரு தாளை வைத்தால் இடம் கூடுமா?

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், வியர்வை உப்புக் காய்ந்த தோல்தான் விறைத்துப்போய் அறுக்கிறது. பெங்களூர் மழைக்காலத்தில் ஒரு வாரம் பூட்டிய அறையில் தொங்கவிட்டால் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிடும், காற்றாட வையுங்கள், வெயிலில் போட வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. டிசம்பரில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெய், தோலின் மேலும் வெள்ளையாகப் படிந்து தூசியைச் சேர்த்துக்கொள்ளும். சேணச் சோப்பு போதும்.

பட்டையை மாற்றிய மறுநாளே அவள் மாறிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவளுக்கு அந்தத் தோல் வாசனையே வலி என்று பதிந்திருக்கிறது. இரண்டு மூன்று வாரம், மாட்டுவது, பிட்டில் கொஞ்சம் வெல்லத்தைத் தேய்த்துக் கொடுப்பது, ஐந்து நிமிஷம் லாயத்தைச் சுற்றி நடத்துவது, கழற்றுவது, இதை மட்டும் செய்யுங்கள். கழற்றும்போது அவளே பிட்டைத் துப்புகிற வரைக்கும் பொறுங்கள், இழுத்தால் பல்லில் இடிக்கும். விடிகாலையில் போகிறவர் நீங்கள், குளிர் மாதத்தில் அந்த இரும்பை முதலில் உள்ளங்கையில் பொத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுங்கள்.